ஏற்றுவதும் சீவுவதும் ஒரே மேசையில்: ஹைப்ரிட் இயந்திரம் யாருக்குக் கட்டுப்படியாகும்?

கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் மோல்டுகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்துபவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "உலோகத்தை அடுக்கடுக்காக ஏற்றி, அதே இயந்திரத்திலேயே சிஎன்சி மில்லிங்கும் (கணினிக் கட்டுப்பாட்டில் சுழலும் கட்டரால் சீவுவது) செய்துவிடும் ஹைப்ரிட் இயந்திரங்களுக்குச் சந்தை வேகமாகப் பெருகுகிறது என்கிறார்கள். நாங்கள் ஐந்தச்சு மில்லிங் இயந்திரம் ஒன்று வாங்கவிருக்கிறோம். அதற்குப் பதிலாக இதையே வாங்கிவிடலாமா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய பாகங்களை அடியிலிருந்து உருவாக்குவதற்காக வாங்குவதானால் வேண்டாம். தேய்ந்துபோன விலையுயர்ந்த பாகங்களுக்கு உயிர் கொடுப்பதும், ஓர் உலோகத்தின் மேல் இன்னோர் உலோகத்தை ஏற்றுவதும் வாரம் தவறாமல் உங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளாக இருந்தால் யோசிக்கலாம். மோல்டு வேலைக்கென்றே இதில் தனியாக ஒரு வகை இருக்கிறது. அதற்குக் கணக்கு வேறு.

தமிழில் இதைப் பற்றி எழுதுவதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. 'அச்சு' என்ற ஒரே சொல் இயந்திரத்தின் ஆக்சிஸையும் குறிக்கும், மோல்டையும் குறிக்கும், பிரிண்டிங்கையும் குறிக்கும். இந்த இயந்திரத்திலோ மூன்றுமே வந்து சேர்கின்றன. ஆகவே இங்கே அச்சு என்றால் நகர்வு அச்சு மட்டுமே; ஐந்தச்சு என்றால் ஐந்து விதமாக நகரவும் திரும்பவும் கூடிய இயந்திரம். மற்றவற்றைப் பட்டறையில் பேசுவதுபோல் மோல்டு என்றும், உலோகத்தை ஏற்றுதல் என்றும் எழுதுகிறேன்.

ஹைப்ரிட் என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே இனம் அல்ல. பரவலாகத் தெரிந்த வகையில், ஐந்தச்சு மில்லிங் இயந்திரத்தின் ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுழற்றும் தண்டில்) கட்டருக்குப் பதிலாக ஒரு லேசர் தலை வந்து பொருந்துகிறது. அதன் நடுவிலிருந்து இறங்கும் கதிர், வேலைத்துண்டின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு உலோகத்தை உருக்கிக் குட்டைபோல் தேக்க, சுற்றியுள்ள நாசில் ஆர்கான் வாயுவின் துணையோடு உலோகத் தூளை அந்தக் குட்டைக்குள் ஊதுகிறது. தலை நகர நகர, பின்னால் விடப்பட்ட உருகல் உறைந்து ஒரு தடமாகிறது. தடங்கள் பக்கத்தில் பக்கம் சேர்ந்து அடுக்காகி, அடுக்கின் மேல் அடுக்கு ஏறி உருவம் வளர்கிறது. பிறகு லேசர் தலை ஒதுங்கிக்கொள்ள, டூல் மேகசினிலிருந்து கட்டர் வந்து, தேவையான இடங்களைச் சீவி அளவுக்குக் கொண்டுவருகிறது. வெல்டிங் தெரிந்தவருக்கு இதில் புதிராக எதுவும் இல்லை. கையில் டார்ச் பிடித்துத் தேய்ந்த ஷாஃப்டின் மேல் உலோகம் ஏற்றிப் பிறகு லேத்தில் கடைந்து அளவெடுத்தார்களே, அந்த வேலையைத்தான் இங்கே சிஎன்சி ஒரே மேசையில் செய்கிறது. தூளுக்குப் பதில் கம்பியை ஊட்டும் தலைகளும் உண்டு. அவற்றில் தூள் பறக்கும் தொல்லை இல்லை.

இரண்டாவது வகை, தூள் படுக்கையில் வேலை செய்வது. மெல்லியதாகப் பரப்பிய தூளின் மேல் லேசர் ஓடி வேண்டிய வடிவத்தை உருக்கி ஒட்டும். சில அடுக்குகளுக்கு ஒருமுறை ஒரு சிறு கட்டர் வந்து சுவர்களைச் சீவிவிட்டுப் போகும். இவை தவிர, மெல்லிய அலுமினியத் தகடுகளை உருக்காமலேயே மீயொலி அதிர்வால் ஒன்றன்மேல் ஒன்று பற்றவைத்து இடையிடையே மில்லிங் செய்யும் அமெரிக்காவின் ஃபேப்ரிசானிக் இயந்திரங்களும், சூடேற்றிய வாயுவின் வேகத்தில் தூளை மோதவைத்து ஒட்டச் செய்யும் ஜெர்மனியின் ஹெர்ம்லே முறையும் இருக்கின்றன. இவ்விரண்டும் சிறப்புத் தேவைகளுக்கானவை. உங்கள் கேள்விக்கு அவ்வளவாகத் தொடர்பில்லை.

இவற்றில் எதுவும் நேற்று முளைத்ததல்ல. ஜப்பானின் ஃபுகுய் நகரைச் சேர்ந்த மட்சுரா நிறுவனம் தூள் படுக்கையையும் மில்லிங்கையும் 2000களின் தொடக்கத்திலேயே ஒன்றாக்கிவிட்டது. லேசர் தலை வகையைப் பெரிய அளவில் பேசவைத்தது, 2013இல் பிராங்பர்ட் யூரோமோல்டு கண்காட்சியில் டிஎம்ஜி மோரி காட்டிய லேசர்டெக் 65 3டி. அடுத்த ஆண்டே மசாக் நிறுவனம் இன்டெக்ரெக்ஸ் ஐ-400ஏஎம் என்ற, கடைசலும் மில்லிங்கும் செய்யும் டர்ன்-மில் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பிறகு ஒக்குமாவும் லேசர் ஈஎக்ஸ் வரிசையோடு வந்தது. பிரிட்டனில் டர்பைன் பிளேடுகளைப் புதுப்பிப்பதற்காக நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்திலிருந்து பிறந்த ஹைப்ரிட் மேனுஃபாக்சரிங் டெக்னாலஜீஸ், முழு இயந்திரத்தையும் விற்காமல், ஏற்கெனவே இருக்கும் சிஎன்சியின் டூல் சேஞ்சரிலேயே பொருந்தும் ஏற்றுதலைகளை விற்கத் தொடங்கியது. பிளேடின் தேய்ந்த நுனியை அளந்து, சீவி, உலோகம் ஏற்றி, மீண்டும் சீவி, மீண்டும் அளப்பது வரை எல்லாம் ஒரே பிடிப்பில் நடக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் நோக்கம்.

கூடுதலாக நீங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் இந்த 'ஒரே பிடிப்பு' என்ற ஒன்றுக்காகத்தான் என்பதை மனத்தில் வையுங்கள். லேசர் ஏற்றும் இயந்திரம் தனியாகக் கிடைக்கிறது, மில்லிங் இயந்திரமும் தனியாகக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்குவதால் கிடைப்பது, துண்டைக் கழற்றி வேறு மேசையில் மாட்டி, டயல் வைத்து, மறுபடி ஜீரோ (அளவுகளின் தொடக்கப் புள்ளி) எடுக்கும் வேலை மிச்சமாவது மட்டுமே. வேலைத்துண்டு நேரான கட்டையாக இருந்தால் அந்த மிச்சம் அரை மணி நேரம். முறுக்கிய டர்பைன் பிளேடாக இருந்தாலோ அதுவே பெரிய லாபம், ஏனென்றால் இரண்டாவது முறை அதைப் பழைய நிலையிலேயே பிடிப்பது கிட்டத்தட்ட நடவாத காரியம்.

பிடிப்பை மாற்றாமல் இருப்பதால் மட்டுமே சாத்தியமாகும் வேலைக்கு நாசாவின் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ராக்கெட் என்ஜினின் பற்றவைப்பான், வெப்பத்தை விரைவாகக் கடத்த வேண்டிய இடத்தில் செம்புக் கலவையாகவும், வலு தேவைப்படும் இடத்தில் நிக்கல் கலவையான இன்கோனலாகவும் இருக்க வேண்டும். வழக்கமாக இரண்டையும் தனித்தனியே செய்து பிரேசிங் (இடையில் வேறோர் உலோகத்தை உருக்கி ஒட்டுவது) மூலம் இணைப்பார்கள். அது செலவும் நேரமும் தின்னும் வேலை. ஹன்ட்ஸ்வில்லிலுள்ள மார்ஷல் விண்வெளி மையத்தினர், டிஎம்ஜி மோரியின் ஹைப்ரிட் இயந்திரத்தில் செம்புக் கலவையையும் இன்கோனலையும் ஒரே துண்டாகச் செய்வித்து, 2017 ஜூலையில் முப்பது முறைக்கு மேல் எரியூட்டிச் சோதித்தார்கள். ஏறத்தாழ 10 அங்குல உயரமே உள்ள அந்தத் துண்டைப் பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இரு உலோகங்களும் எல்லையில் ஒன்றோடொன்று கலந்து நன்றாகப் பற்றியிருந்தன. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: முடிந்த பிறகு எந்தக் கட்டராலும் எட்ட முடியாத உட்புறத்தை, துண்டு வளர்ந்துகொண்டிருக்கும்போதே சீவிவிட முடிந்தது. தனித்தனி இயந்திரங்களால் இது முடியாது.

அமெரிக்கக் கடற்படையின் கதை வேறு மாதிரி. 2022இல் பட்டான் என்ற போர்க்கப்பலில், ஹாஸ் டிஎம்-1 மில்லிங் இயந்திரத்தோடு ஸ்பெயினின் மெல்டியோ நிறுவனத்தின் கம்பி-லேசர் தலையை இணைத்த ஹைப்ரிட் இயந்திரம் ஒன்றை நிரந்தரமாக நிறுவினார்கள். அது 316 எல் துருப்பிடியா எஃகை ஏற்றும். அடுத்த ஆண்டு, கப்பலின் நிலைநீர்த் தொட்டிகளிலிருந்து கடல்நீரை வெளியே தள்ளப் பயன்படும் காற்றழுத்தியில் ஒரு தெளிப்புத் தட்டு பழுதானபோது, மாற்றுத் தட்டைக் கப்பலிலேயே ஐந்து நாட்களில் செய்து முடித்தார்கள். ஒரு சிறு தட்டுக்கு ஐந்து நாளா என்று நம் ஊர் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் சிரிக்கலாம். வரைபடத்தோடு வந்தால் மறுநாளே தருகிறேன் என்பார். நடுக்கடலில் அவர் பட்டறை இல்லை என்பதுதான் விஷயம். அங்கே இயந்திரம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் நட்டமில்லை. உங்களுக்கோ அந்த இயந்திரம் ஒவ்வொரு மாதமும் வங்கித் தவணையைச் சம்பாதித்துத் தர வேண்டும்.

தவணை என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. தூள் ஊதும் லேசர் தலை மணிக்கு அரை கிலோ ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ ஏற்ற நான்கு மணி நேரம். சீவ ஒன்றரை மணி நேரம். அந்த ஐந்தரை மணியில் நான்கு மணி நேரம் ஐந்தச்சு ஸ்பிண்டில் ஒரு வேலையும் செய்யாமல் நிற்கிறது. சீவும் ஒன்றரை மணி நேரம் லேசர் நிற்கிறது. இயந்திரத்தின் விலையில் இரண்டுக்கும் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் எந்த நேரத்திலும் ஒன்றுதான் சம்பாதிக்கிறது. தனித்தனியாக வாங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். விற்பனைப் பிரதிநிதியின் படவில்லைகளில் இந்தக் கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது வெப்பம். ஒரு செயல்விளக்கத்தில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். துருப்பிடியா எஃகில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தை ஏற்றி முடித்து, பத்து நிமிடம்கூட ஆறவிடாமல், பார்வையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக உடனே ஃபினிஷிங் கட் எடுத்தார்கள். இயந்திரத்தின் அளவெடுக்கும் புரோப் 200.00 என்று காட்டியது, கைதட்டினார்கள். கதவைத் திறந்தபோது துண்டின் மேல் கை வைக்க முடியாத சூடு. அந்த எஃகு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 16 மைக்ரான் விரியும். அறை 30 டிகிரி, துண்டு 90 டிகிரி என்றால், 200 மில்லிமீட்டரில் வரும் வேறுபாடு 0.19 மில்லிமீட்டர். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு யாரோ ஒருவர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தார், அளவு 199.80 பக்கத்தில் நின்றது. அங்கிருந்தவர்கள் யாரும் தெரியாமல் செய்ததல்ல, அவசரம், அவ்வளவுதான். ஆனால் ஆறும்வரை காத்திருந்தால் அந்தக் காத்திருப்பும் இயந்திர நேரம்தான். கூலன்டை அடித்து ஆற்றினால், அடுத்த அடுக்கு ஏற்றுவதற்கு முன் மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நுண்துளைகள் விழும். இதனாலேயே பலர் இடைநிலை மில்லிங்கை உலர்வாகவோ காற்றடித்தோ செய்கிறார்கள். அப்போது கட்டர் சீக்கிரம் தேய்கிறது. ஊதிய தூள் முழுவதும் குட்டைக்குள் போய்ச் சேர்வதும் இல்லை. எஞ்சியது மேசையின் ஓரத்திலும் ஸ்லைடு உறைகளிலும் கூலன்ட் தொட்டியிலும் எமரிப் பொடிபோல் படிகிறது. அலுமினியத் தூளாகவோ டைட்டானியத் தூளாகவோ இருந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

இன்னும் அடியில் இருப்பது உள்தகைவு. உருகி உறைந்த ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஒரு பக்கத்தைச் சீவினால் சமநிலை குலைந்து துண்டு வளையும். முக்கியமான பாகங்களை அடுப்பில் வைத்துத் தகைவைத் தளர்த்திய பிறகே இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வெல்டிங் செய்யும் எவருக்கும் தெரிந்த பாடம். அப்படியானால் துண்டு இயந்திரத்தை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி பிடிக்க வேண்டும், மறுபடி ஜீரோ எடுக்க வேண்டும். ஒரே பிடிப்பு என்று சொல்லி வாங்கியது அந்த இடத்தில் இரண்டு பிடிப்பாகிவிடுகிறது. மெல்லிய பூச்சு ஏற்றும் வேலைகளிலும் சிறிய பழுதுபார்ப்புகளிலும் இந்தத் தொல்லை குறைவு. ஹைப்ரிட் அவற்றில் சிறப்பாக ஓடுவதற்கும், முழுப் பாகத்தையும் உருவாக்குவதில் திணறுவதற்கும் பாதிக் காரணம் இதுவே.

இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். மோல்டுக்காரருக்கு ஆர்வமூட்ட வேண்டியது லேசர் தலை வகையல்ல, தூள் படுக்கை வகை. மட்சுராவின் லூமெக்ஸ், சோடிக்கின் ஓபிஎம் வரிசை ஆகியவை மோல்டுகளை மனத்தில் வைத்தே வளர்ந்தவை. ஒன்றரை மில்லிமீட்டர் அகலமும் முப்பது மில்லிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு ரிப் (பிளாஸ்டிக் பொருளின் மெல்லிய விலா) பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நீட்டிய கட்டர் அதிரும், உடையும். ஆகவே கிராஃபைட்டிலோ செம்பிலோ எலக்ட்ரோடு செய்து ஈடிஎம்முக்கு (மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இயந்திரத்துக்கு) அனுப்புவீர்கள். தூள் படுக்கை ஹைப்ரிடில் ஓர் அடுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், பத்து அடுக்குக்கு ஒருமுறை, அதாவது அரை மில்லிமீட்டர் வளர்ந்ததும் கட்டர் வந்து சுவரைச் சீவிவிடும். பள்ளம் ஆழமாவதற்கு முன்பே அதன் சுவர் முடிந்துவிடுவதால் நீண்ட கட்டரும் வேண்டாம், எலக்ட்ரோடும் வேண்டாம். இதோடு, மோல்டின் வடிவத்தை ஒட்டியே வளைந்து செல்லும் குளிர்நீர்ப் பாதைகளை உள்ளேயே அமைத்துவிடலாம். நேராகத் துளைத்த டிரில் துளைகள் எட்டாத மூலைகளும் குளிர்வதால் ஒரு ஷாட்டுக்கு, அதாவது பொருளை ஒருமுறை வார்த்தெடுக்க, ஆகும் நேரம் குறையும், பொருள் கோணுவதும் குறையும். ஒரே மோல்டில் லட்சக்கணக்கில் ஷாட் அடிக்கும் வாடிக்கையாளருக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் இங்கும் சில நெருடல்கள் உண்டு. பெரும்பாலும் மரேஜிங் என்ற நிக்கல் கலந்த எஃகில்தான் ஏற்றுவார்கள்; அதை முடித்த பிறகு 490 டிகிரி அளவில் சில மணி நேரம் ஏஜிங் (சூட்டில் வைத்திருந்து கடினமாக்குவது) செய்தால்தான் 50 எச்ஆர்சிக்கு (ராக்வெல் கடின அளவு) மேல் கடினம் வரும், அப்போது அளவும் சிறிது சுருங்கும். உள்ளே வளைந்து செல்லும் பாதையின் கூரையைக் கட்டர் தொடவே முடியாது. அது சொரசொரப்பாகவே இருக்கும். குளிர்விக்கப் பயன்படுத்துவது சிறுவாணித் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்று நான் கேட்பது விளையாட்டுக்கல்ல. உப்பு நிறைந்த போர்வெல் நீர் அந்தச் சொரசொரப்பில் படிந்து சில மாதங்களிலேயே பாதையை அடைத்துவிட்டால், நேர்த்துளையைப்போல் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வழியில்லை. மூடிய சுற்றில் மென்னீர் ஓடுவதை வாடிக்கையாளரின் ஆலையில் உறுதிசெய்யாமல் இத்தகைய மோல்டை விற்கக்கூடாது.

இதற்கு மாற்றும் உண்டு; நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். மோல்டு இன்சர்ட்டின் (மோல்டுக்குள் பொருத்தும் தனித்துண்டின்) அடிப்பகுதியை உங்கள் மில்லிங் இயந்திரத்திலேயே சாதாரணக் கட்டையில் செய்யுங்கள். சிக்கலான மேல்பகுதியை மட்டும் அதன் மேல், உலோக 3டி பிரிண்டிங் செய்து தரும் நிறுவனத்தில் ஏற்றி வாங்குங்கள். ஜீரோ பாயின்ட் பேலட் என்ற பிடிப்புத் தட்டில் பிடித்து அனுப்பினால், திரும்பி வந்ததும் சில மைக்ரானுக்குள் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஒரே பிடிப்பின் பலனில் பெரும்பகுதி ஒரு பேலட்டின் விலையில் கிடைத்துவிடுகிறது. ஆழமான ரிப்களுக்கு ஈடிஎம் இன்னும் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இயந்திரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அல்லவா?

சந்தை பெருகுகிறது என்பதைப் பொறுத்தவரை, பெருகுவது உண்மை. அறிக்கைகளில் காணும் தொகைகளை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஓர் அறிக்கை முழு இயந்திரங்களை மட்டும் எண்ணும். இன்னொன்று பழைய சிஎன்சியில் மாட்டும் தலைகள், தூள், மென்பொருள், சேவை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். பெருக்கத்தின் காரணங்களைப் பார்ப்பதே மேல். ஃபைபர் லேசர், டையோடு லேசர் ஆகியவற்றின் விலை நன்றாகக் குறைந்துவிட்டது. ஏற்றுவதையும் சீவுவதையும் ஒரே இடத்தில் திட்டமிடும் வசதி சீமென்ஸ் என்எக்ஸ் போன்ற கேம் (இயந்திரத்தின் நகர்வுகளைத் திட்டமிடும்) மென்பொருள்களில் வந்துவிட்டது; தொடக்க காலத்தில் இரண்டு மென்பொருள்களின் வெளியீட்டைக் கையால் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. வார்ப்புக்கும் ஃபோர்ஜிங்குக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாத பாதுகாப்புத் துறை பணம் போடுகிறது. எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள், வால்வு இருக்கைகள், டர்பைன் பாகங்கள் போன்ற, தூக்கியெறிய மனம் வராத விலையுள்ள பொருள்களைப் புதுப்பிக்கும் தொழில் எப்போதும் இருக்கிறது. வளர்ச்சியைப் பின்னுக்கு இழுப்பது சான்றளிப்புதான்: ஏற்றிய உலோகத்தின் தரத்தை ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருப்பதால், விமானத் துறையில் ஓர் ஒப்புதலுக்கே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. வெல்டரின் கண்ணும் மெஷினிஸ்டின் கையும் ஒருவரிடமே அமைந்த ஆபரேட்டர் கிடைப்பதும் அரிது.

பெரிய விலை கொடுக்காமல் தொடங்கும் வழி நம் நாட்டிலேயே செய்து காட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கே. பி. கருணாகரனின் குழுவினர், சாதாரணச் சிஎன்சி மில்லிங் இயந்திரத்தில் மிக் வெல்டிங் (கம்பியே உருகி நிரப்பும் மின் வெல்டிங்) டார்ச்சை இணைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஏற்றியபின் மேற்பரப்பைச் சமமாகச் சீவி, அதன் மேல் அடுத்த அடுக்கை ஏற்றும் முறையை உருவாக்கினார்கள்; குறைந்த செலவில் இவ்விரண்டையும் இணைப்பது பற்றிய அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2010இல் வெளிவந்தது. இத்தகைய மின்வில் (ஆர்க்) வெல்டிங்கில் தடம் அகலமாகவும் கரடாகவும் விழும், வெப்பமும் அதிகம்; ஆனால் ஏற்றும் வேகம் லேசர்த் தூள் முறையைவிடக் கூடுதல், கம்பியும் மலிவு. பெரிய டைகளின் தேய்ந்த விளிம்புகளை மீட்க இது போதும். உங்களிடம் தவணை முடிந்த பழைய மூன்றச்சு இயந்திரம் ஒன்று இருந்தால், பரிசோதனையை அதிலேயே தொடங்கலாம். கேபிள்களையும் ஸ்லைடுகளையும் தீப்பொறியிலிருந்து காக்கும் உறைகளுக்கும், கன்ட்ரோலரை வெல்டிங் மின்னோட்டத்திலிருந்து காக்கும் எர்த்திங்குக்கும் முதலில் செலவழியுங்கள்.

ஆகவே ஐந்தச்சு இயந்திரத்தை வாங்கும் திட்டத்தை மாற்ற வேண்டாம். அதோடு, கடந்த ஓராண்டில் டிக் வெல்டிங்குக்கோ லேசர் வெல்டிங்குக்கோ வெளியே அனுப்பிய மோல்டுகளின் சலான்களை எடுத்து, எத்தனை முறை, எவ்வளவு பணம், எத்தனை நாள் காத்திருப்பு என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை ஹைப்ரிட் இயந்திரத்தின் ஆண்டுத் தவணையில் பாதியைக்கூட எட்டவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எட்டினால், விற்பனையாளர் காட்டும் அழகான மாதிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் பட்டறையின் தேய்ந்த எச்13 எஃகு இன்சர்ட் ஒன்றைக் கொண்டுபோய், உங்கள் கண் முன்னே ஏற்றிச் சீவித் தரச் சொல்லுங்கள். மறுநாள் காலை துண்டு முழுவதும் ஆறிய பிறகு அளவெடுங்கள். அதன்பின் ஏற்றிய இடத்தின் குறுக்கே ஒயர்கட்டில் அறுத்து, பாலிஷ் செய்து, அமிலத்தால் எட்ச் செய்து, பழைய எஃகும் புதிய எஃகும் சேரும் கோட்டில் துளையோ விரிசலோ இருக்கிறதா என்றும், கோட்டின் இரு பக்கங்களிலும் கடினத்தன்மை எவ்வளவு மாறுகிறது என்றும் பார்த்துவிட்டு, விலையைப் பேச உட்காருங்கள்.